6 மீட்டர் வினைல் ஸ்டிக்கர் பட்டையை ஒட்டினால் பாம்பு மாதிரி வளைகிறது, நேராக ஒட்ட என்ன வழி?

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் "பழகப் பழக வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எனக்கும் ஆரம்பத்தில் இதையேதான் சொன்னார்கள். தப்பாக ஒட்டிப் பழகினால் கைக்குத் தப்புதான் பழகும்.

நீங்கள் எப்படி ஒட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். 30 செ.மீ.க்கு ஒரு பென்சில் புள்ளி. பின்தாளை ஒரு சாண் உரித்து, புள்ளியில் பொருத்தித் தேய்த்து, அப்புறம் அடுத்த சாண். கண் முழுக்க விரல் நுனியிலேயே இருந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வேனின் பக்கவாட்டில் 25 மி.மீ. அகலச் சிவப்புப் பட்டையை இப்படித்தான் ஒட்டினேன். ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. எதிரே நின்று பார்த்தால் சுத்தமாக இருந்தது. முதலாளி வந்தார், நேராக வண்டியின் பின்முனைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பட்டையின் மட்டத்திலேயே பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் நுனியைப் பிடித்து மொத்தத்தையும் உரித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த பட்டைக்கு முன் நானும் அதே இடத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த பென்சில் புள்ளிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அரை மி.மீ. மேலும் கீழுமாக இருந்தது. 1 மி.மீ. அலை எதிரே நிற்பவனுக்குத் தெரியாது. நீளவாக்கில் பார்ப்பவனுக்கு அப்படியே தெரியும்.

அவர் எப்படி ஒட்டுகிறார் என்று கற்றுக்கொடுத்தாரா என்றால் இல்லை. முக்கியமான நேரத்தில் தண்ணீர் எடுத்து வா, பிளேடு எடுத்து வா என்று என்னை அனுப்பிவிடுவார். வீணான வினைலுக்குச் சம்பளத்தில் பிடித்தார், அது வேறு. இந்தத் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான், தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தால் நாளைக்கே எதிரில் கடை போட்டுவிடுவான் என்று பயம். கூடவே நின்று உழைக்கும் பையனிடம் மறைத்து என்ன சம்பாதித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என்னிடம் இருக்கும் இரண்டு பையன்களுக்கும் முதல் வாரமே எல்லாவற்றையும் காட்டிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலாளி ஒட்டுவதை ஒருநாள் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். ஒரு முனையை ஒரு சாண் அளவுக்கு ஒட்டிவிட்டு, பின்தாளை ஏறக்குறைய 2 மீட்டர் உரித்தார். பட்டையைத் தகட்டில் படவிடாமல், அந்தப் பக்கத்து முனையைக் கையில் பிடித்துத் தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இழுத்தார். கையைப் பார்க்கவே இல்லை, கண் தூரத்தில் இருந்த குறியிலேயே இருந்தது. அப்புறம் அப்படியே மெதுவாகத் தகட்டின் மேல் இறக்கினார். அவ்வளவுதான். இரண்டு முனைக்கு நடுவே விறைப்பாக நிற்கும் பட்டை நூல் கட்டிய மாதிரி தானாகவே நேராகத்தான் இருக்கும். நடுவில் நாம் விரல் வைத்தால்தான் கோணும். இறக்கியதும் ஸ்குவீஜியை, அதாவது அழுத்தித் தேய்க்கும் பட்டைத் தகட்டை, எடுக்காதீர்கள். லேசாகத்தான் ஒட்டியிருக்கும். முனையில் போய்க் கண்ணை வைத்துப் பாருங்கள். சரியில்லை என்றால் அந்த முனையிலிருந்தே தூக்கி மறுபடி இறக்குங்கள். திருப்தியான பிறகுதான் தேய்க்க வேண்டும்.

இழுப்பதில் கவனம் வேண்டும். இதில் நான் பட்ட பாடு தனி. முறை தெரிந்த உற்சாகத்தில் ஒரு வண்டிக்கு நன்றாக இழுத்து ஒட்டினேன், கோடு கீறிய மாதிரி இருந்தது. வெயிலில் இரண்டு வாரம் ஓடிய பிறகு வாடிக்கையாளர் கொண்டுவந்து காட்டினார். இரண்டு முனையிலும் பட்டை 2 மி.மீ. உள்ளே போயிருந்தது. விட்டுப்போன இடத்தில் பசை மட்டும் மிஞ்சி, அதில் தூசி படிந்து கறுப்புக் கோடாக நின்றது. இழுபட்ட வினைல் பழைய நீளத்துக்குத் திரும்பத்தான் பார்க்கும், வெயில் பட்டால் இன்னும் வேகமாக. அதிலும் கேலண்டர்டு ரகம் (உருளைகளுக்கு நடுவே அழுத்தி மெல்லிசாக்கிய வினைல்) இழுக்காமல் ஒட்டினாலே கொஞ்சம் சுருங்கும், காஸ்ட் ரகம் (திரவமாக ஊற்றிக் காயவைத்த வினைல்) அந்த அளவுக்குச் சுருங்காது. பட்டையின் நிறம் வெளுத்தாலோ அகலம் குறைந்தாலோ அளவுக்கு மீறி இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த வேலையை இலவசமாகத் திரும்பச் செய்துகொடுத்தேன்.

இன்னொன்று, பட்டையே நேராக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தீர்களா? வினைல் வெட்டும் மிஷினான பிளாட்டரில் ரோல் கொஞ்சம் சாய்ந்து ஓடினாலும் 6 மீட்டரில் வில் மாதிரி வளைந்து வெட்டிவிடும். அதை எந்தக் கையாலும் நிமிர்த்த முடியாது. ஒட்டுவதற்கு முன் பின்தாளோடு தரையில் விரித்து, பக்கத்தில் ஒரு நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள்.

சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுபவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். கண்ணாடியில் அகலமான துண்டு என்றால் நானும் தெளிப்பேன். ஆனால் குறுகின நீளப் பட்டைக்கு வேண்டாம் என்பது என் அனுபவம். தேய்க்கும்போது ஸ்குவீஜி போகிற பக்கம் பட்டை நழுவிவிடும், நேராக வைத்ததற்கே அர்த்தமில்லாமல் போகும். 10 செ.மீ.க்கு மேல் அகலமான பட்டை என்றால் கையில் பிடித்து இறக்குவதும் கஷ்டம். மேலே அப்ளிகேஷன் டேப் (ஒட்டி முடிக்கும்வரை பட்டையைப் பிடித்துக்கொள்ளும் லேசான பசை டேப்) போட்டு, முழு நீளத்தையும் இடத்தில் வைத்து, நடுவில் குறுக்கே ஒரு மாஸ்கிங் டேப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியின் பின்தாளை நடுவரை உரித்து வெட்டி எடுத்துவிட்டு, நடுவிலிருந்து முனைக்குத் தேய்த்துக்கொண்டு போங்கள். அப்புறம் டேப்பை எடுத்துவிட்டு அடுத்த பாதி.

கோடு போட சாக்பீஸ் தூள் நூல் அடித்தால் பட்டை வரும் இடத்தில் அடிக்காதீர்கள், தூள் மேல் பசை பிடிக்காது. நான் மாஸ்கிங் டேப்பையே முழு நீளத்துக்கு ஒட்டி, அதன் ஓரத்திலிருந்து 2 மி.மீ. இடைவெளி விட்டுப் பட்டையை இறக்குவேன். அந்த இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்பது கண்ணுக்குச் சட்டென்று தெரியும். வாகனம் என்றால் ரசமட்டத்தை நம்ப வேண்டாம், வண்டி நிற்கும் தரையே சாய்வாக இருக்கலாம். பாடியில் ஓடும் மடிப்புக் கோட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள். பட்டையை இணைக்க வேண்டி வந்தால் 5 மி.மீ. மேல்படியாக ஒட்டுங்கள், முன்பக்கத் துண்டு மேலே இருக்கட்டும். அப்போதுதான் ஓடும்போது காற்று நுனியைக் கிளப்பாது.

இதற்கு மேலும் வளைந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். எதிரே நின்று எடுத்த படம் வேண்டாம், முனையில் உட்கார்ந்து பட்டையின் மட்டத்தில் எடுத்தது.