வாசகர் கேள்வி – பதில்: துக்க வீட்டில் ஜெபம் வராதபோது

கேள்வி: என் கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவள் நான். விசுவாசப் பிரமாணம் மனப்பாடம். கடவுள் உண்டு, உயிர்த்தெழுதல் உண்டு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் நான் விசுவாசித்தது பொய்யா?
– வாசகி, நாசரேத்

பதில்: பொய் இல்லை, சகோதரி. யோவான் 11ஆம் அதிகாரத்தில் மார்த்தாள் பேசும் இடங்களை மட்டும் எடுத்து வாசியுங்கள். அவள் சகோதரன் லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள். உன் சகோதரன் எழுந்திருப்பான் என்கிறார் இயேசு. கடைசி நாளில் எழுந்திருப்பான், அது எனக்குத் தெரியும் என்கிறாள் அவள் (வசனம் 24). பிரமாணப்படி சரியான பதில்தான். ஆனால் அந்தக் கடைசி நாள் அவள் வீட்டு வாசலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. இயேசு அதைத் திருத்தப் போகவில்லை. உயிர்த்தெழுதல் நானே என்று தம்மையே அவள் முன் நிறுத்தி, இதை விசுவாசிக்கிறாயா என்று கேட்கிறார் (25, 26). நீங்கள் இப்போது நிற்பது 24க்கும் 25க்கும் நடுவில்.

இதற்கெல்லாம் முன்பே அவள் வாயில் வந்தது ஒரு குறை: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் (21). ஊராரிடம் புலம்பாமல் அவரிடமே போய்ச் சொன்னாள். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

அதற்குச் சங்கீதம் 13 போதும், ஆறே வசனம். முதல் இரண்டு முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. முதல் வாரம் 1 முதல் 4 வரை மட்டும், தினம் பத்து நிமிஷம், வாய்விட்டு வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் கண் ஓடும், நெஞ்சு நிற்கும். 'சத்துரு' என்று வரும் இடத்தில் உங்களை நெருக்குவது எதுவோ அதைப் பெயர் சொல்லிச் சேருங்கள்: ஆஸ்பத்திரிக் கடன், காலியான கட்டில், உறவுக்காரர் பேச்சு. 5ஆம் வசனத்துக்கு அவசரப்பட வேண்டாம். பலரும் தடுமாறுவது இங்கேதான். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் நம்பிக்கை வசனத்துக்குத் தாவுவார்கள், நாலு நாளில் அது வெறும் ஒப்பிப்பு ஆகிவிடும். உண்மையாகச் சொல்ல வரும் நாளில் சொல்லுங்கள். அது இரண்டாம் வாரமோ, ஆறாம் மாதமோ.

தூக்கம் வராத இரவுகளுக்குச் சங்கீதம் 77. கண்ணிமையை மூடவிடாமல் பிடித்திருக்கிறவர் நீர்தான் என்று 4ஆம் வசனத்தில் சங்கீதக்காரன் கடவுளிடமே சொல்கிறான். 7 முதல் 9 வரை அவரைப் பற்றிச் சரமாரியாகக் கேள்விகள். 11க்கு வந்ததும் மறுபடி 'உம்முடைய' என்று நேராக அவரிடமே பேசுகிறான். கேள்விகளுக்கு விடை கிடைத்ததாக எங்கும் எழுதவில்லை.

ஜெபித்தபின் மனசு லேசாகிறதா என்று தினம் சோதித்துப் பார்க்காதீர்கள். சங்கீதம் 88 கடைசி வரியிலும் இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நீண்ட உபவாசமும் இப்போது வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் ஏற்கெனவே கெட்ட உடம்பு, சோர்வு வந்தால் அதையும் விசுவாசக் குறைவு என்று எண்ணிவிடுவீர்கள்.

கேள்வி: மகனை இழந்தோம். ஆறுதல் ஜெபத்துக்கு வந்தவர்கள் "அழாதீங்க, விசுவாசிகள் என்ற சாட்சி கெட்டுப்போகும்" என்கிறார்கள். அழுவது பாவமா?
– வாசகர், திருச்சி

பதில்: அவர்கள் ஆதாரம் காட்டுவது பெரும்பாலும் 1 தெசலோனிக்கேயர் 4:13. அதைப் பாதியில் வெட்டிவிடுகிறார்கள். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார், துக்கமே கூடாது என்று எழுதவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார் (யோவான் 11:35). லாசருவின் இன்னொரு சகோதரி மரியாளும், மார்த்தாள் சொன்ன அதே குறையைத்தான் சொன்னாள் (32). அவளிடம் அவர் உபதேசம் எதுவும் பேசவில்லை, கல்லறை எங்கே என்று கேட்டார், அழுதார். எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது என்பதை ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் இங்கே படித்துக்கொள்ளலாம். பிள்ளைகளை இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. பேசத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்தான் (யோபு 42:7).

கேள்வி: மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகிறது. வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை. ஜெபம் கூட்டினால் சரியாகுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும், ஐயா. இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், இன்றைக்கே பேசுங்கள். இதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை. உங்கள் ஆயரிடம் "வாழப் பிடிக்கவில்லை" என்பதை அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். "மனசு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுவார். இன்று இரவு வீட்டில் தனியாக இருக்காதீர்கள். அண்ணன் தம்பி யாரையாவது வந்து தங்கச் சொல்லுங்கள்.