எமர்சன், தோரோ, வால்டன் குளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் ஆங்கில இலக்கியப் பாடத்தில் எமர்சனின் 'இயற்கை' நூலிலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. அதில் அவர், தாம் ஒளி ஊடுருவும் கண்விழியாக ஆகிவிட்டதாகச் சொல்கிறார். இதைக் கவிஞனின் மிகைக்கூற்றாகக் கொள்வதா, தத்துவமாகவே கொள்வதா?
– கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: தத்துவமாகவே கொள்ளலாம். ஆனால் அந்த வரி எங்கே, எதற்குப் பிறகு வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்குச் சற்று முன்னால் எமர்சன் ஓர் அனுபவத்தைச் சொல்கிறார். மேகம் மூடிய அந்திப் பொழுதில், பனி உருகித் தேங்கிய குட்டைகளின் ஊடே, ஊர்ப் பொதுத்திடல் ஒன்றை நடந்து கடக்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல், அச்சத்தின் விளிம்பு வரை கொண்டுபோகும் ஒரு மகிழ்ச்சி தமக்குள் எழுந்ததாக எழுதுகிறார். மலைச்சிகரமும் இல்லை, பேரருவியும் இல்லை. சேறும் சகதியுமான ஒரு சாதாரணத் திடல்தான். அதன் பிறகே காட்டுக்குள் வந்து, வெறுந்தரையில் நின்று, அற்பமான அகந்தை எல்லாம் மறைந்து, தாம் ஒன்றுமில்லாதவராகவும் அனைத்தையும் காண்பவராகவும் ஆனதாகச் சொல்கிறார். கண் மற்ற எல்லாவற்றையும் பார்க்கும், தன்னைப் பார்க்காது. அந்த உவமையை அவர் தேர்ந்ததன் பொருத்தம் அங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே ஒரு விளக்கம். 1803இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்த எமர்சன், அங்கே ஒரு யூனிடேரியன் தேவாலயத்தில் (திரித்துவத்தை ஏற்காமல், கடவுள் ஒருவரே என்று கொள்ளும் கிறிஸ்தவப் பிரிவு) போதகராக இருந்தார். 1831இல் இளம் மனைவி எல்லன் காசநோயால் இறந்தார். மறு ஆண்டு, அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்துச் சடங்கை இனியும் நடத்தத் தம் மனம் ஒப்பவில்லை என்று சொல்லிப் பதவியை விட்டு விலகி, ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். 1833இல் பாரிஸ் தாவரவியல் பூங்காவில், வகை வகையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த உயிரினங்களைப் பார்த்தபோது, இவற்றுக்கும் மனிதனுக்கும் ஏதோ ஓர் உறவு இருக்கிறது என்ற எண்ணத்தில், தாமும் ஓர் இயற்கையியலாளர் ஆக வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். புலன்கள் வழியே வருவது மட்டுமே அறிவு என்ற ஆங்கிலத் தத்துவவாதி லாக்கின் கொள்கையில் ஊறியிருந்த அக்கால ஹார்வர்டு கல்வி அவருக்குப் போதவில்லை. ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட்டின் தத்துவத்தைப் பெரும்பாலும் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் வழியாக அறிந்துகொண்ட அந்தத் தலைமுறை இளைஞர்கள், புலனறிவைக் கடந்த உள்ளுணர்வே உண்மைக்கு வழி என்று வாதிட்டார்கள். டிரான்சென்டென்டலிசம், அதாவது கடந்தநிலைவாதம், என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

1836இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்த அந்தச் சிறு நூலில், 'நான் அல்லாத' அனைத்தையும் இயற்கை என்று எமர்சன் வரையறுக்கிறார். தம்முடைய உடலையும் அந்தப் பட்டியலில்தான் சேர்க்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கண்விழி உவமையை அன்றைக்கே கேலி செய்தவர்களும் உண்டு. அவருடைய வட்டத்தைச் சேர்ந்த கிறிஸ்டபர் கிரான்ச் என்பவரே, நெடிய கால்களும் தொப்பியும் கோட்டும் உள்ள ஒரு கண்விழியைக் கேலிச்சித்திரமாக வரைந்து வைத்தார்.

கேள்வி: இயற்கையில் 'நான்' கரைந்துவிடுகிறது என்று சொன்னவரே 'தன்னையே நம்பு' என்றும் எழுதினார். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எமர்சனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே உண்மைதான். 1841இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில், தற்சார்பைப் பற்றிய கட்டுரையும் பரமான்மாவைப் பற்றிய கட்டுரையும் ஒன்றாகவே இருக்கின்றன. நம்பச் சொல்லும் 'தன்' என்பது சொத்தும் பட்டமும் சேர்க்கும் தனிநபர் இல்லை. எல்லாருக்குள்ளும் பொதுவாக ஓடும் ஓர் ஆன்மா. இரண்டாவது கட்டுரையை ஒதுக்கிவிட்டு முதலாவதை மட்டும் படித்தவர்கள்தான் அதை வியாபார வெற்றிக்கான மந்திரமாக்கிவிட்டார்கள். அந்தப் பழி முழுவதும் வாசகர்களையே சாரும் என்று சொல்ல மாட்டேன். சூத்திரம் போன்ற வாக்கியங்களை அடுக்கி எழுதுகிறவருக்கு, அவற்றில் ஒன்றைப் பிய்த்தெடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் வாசகர்கள் வாய்ப்பது இயல்பு.

அவர் தம் கொள்கைப்படி நடந்ததற்கும் சான்று உண்டு. 1838இல் ஹார்வர்டு இறையியல் பள்ளியில், கடவுள் அனுபவத்துக்கு இடைத்தரகர் தேவையில்லை என்ற பொருள்பட அவர் ஆற்றிய உரைக்குப் பிறகு, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்தப் பல்கலைக்கழகம் அவரைப் பேச அழைக்கவில்லை.

கேள்வி: தோரோ காட்டில் தனியாக வாழ்ந்ததாகச் சொல்வதெல்லாம் பொய், பக்கத்திலேயே வீடு இருந்தது, துணிகூட அம்மாதான் துவைத்துக் கொடுத்தார் என்று இணையத்தில் படித்தேன். 'வால்டன்' ஒரு பாசாங்கா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: எமர்சனின் சீடரான தோரோ, கான்கார்டு ஊருக்கு அருகே வால்டன் குளக்கரையில் குடில் கட்டி வாழ்ந்ததைச் சொல்லும் நூல்தான் 'வால்டன்'. மனித வாசனையே இல்லாத காட்டுக்குப் போனதாக அவர் எங்கும் சொல்லவில்லை. அண்டை வீட்டிலிருந்து ஒரு மைல் தொலைவு என்று நூலின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டார். ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை ஊருக்குள் போய் வம்பு கேட்டு வந்ததை ஓர் அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார். குளக்கரையை ஒட்டி 1844இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அதன் ஊதல் சத்தம் நூல் முழுவதும் கேட்கிறது. நிலம் எமர்சனுடையது. 10 அடிக்கு 15 அடி என்ற அளவில் கட்டிய குடிலுக்கான பலகைகள், ரயில்பாதை வேலைக்கு வந்திருந்த ஓர் அயர்லாந்துத் தொழிலாளியிடம் 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிய குடிசையைப் பிரித்து எடுத்தவை. மொத்தச் செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட். துணி விஷயத்தையும் அவரே கணக்கில் எழுதியிருக்கிறார்: துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்ததாகவும், அதற்கான பில் இன்னும் வந்து சேரவில்லை என்றும் ஒரு குறும்பு.

குறை சொல்ல வேண்டுமானால் வேறொன்று இருக்கிறது. 1844 ஏப்ரலில், நண்பர் ஒருவரோடு ஆற்றோரம் மீன் சமைக்க அவர் மூட்டிய தீ பரவி, கான்கார்டில் 300 ஏக்கருக்கும் மேற்பட்ட காடு எரிந்துபோனது. ஊரார் அவரைக் காடெரித்தவன் என்றே பல காலம் பேசினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்றுதான் அவர் குளக்கரைக்குக் குடிபோனார். 1847 செப்டம்பர் 6 வரை அங்கே இருந்தார்.

அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, குளத்தின் ஆழத்தை அளந்ததுதான். வால்டன் குளத்துக்கு அடியே கிடையாது என்று ஊரில் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. 1846இன் தொடக்கத்தில், பனிக்கட்டி உடைவதற்கு முன்பு, திசைகாட்டி, நில அளவைச் சங்கிலி, ஆழம் பார்க்கும் கயிறு ஆகியவற்றோடு தோரோ இறங்கினார். மீன்பிடிக் கயிற்றின் நுனியில் ஏறக்குறைய ஒன்றரை பவுண்டு எடையுள்ள கல். கல் அடியில் படிந்திருக்கும்போது அதன் கீழே நீர் புகுந்திருக்காது, ஆகவே தூக்குவதற்குக் கூடுதல் பலம் வேண்டும். அந்தப் பலம் சட்டென்று குறையும் கணத்தில் கல் தரையை விட்டுவிட்டது என்று கைக்குத் தெரியும். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கயிற்றை இறக்கி, மிக ஆழமான இடம் 102 அடி என்று கண்டார். இன்றைய அளவீடுகளும் அதை ஒட்டியே இருக்கின்றன.

இங்கேதான் குருவும் சீடரும் பிரிகிறார்கள். எமர்சனின் நூலில் இயற்கை ஒரு படிக்கட்டு. பயன்பாடு, அழகு, மொழி, ஒழுக்கம் என்று ஏறிப்போய் இறுதியில் ஆன்மாவை அடைந்த பிறகு, ஏறிவந்த படிகளை அவர் அவ்வளவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. தோரோவும் குளத்தைக் குறியீடாக்குகிறார். குளத்தின் அதிக நீளமும் அதிக அகலமும் வெட்டிக்கொள்ளும் புள்ளியிலேயே அதன் அதிக ஆழமும் இருப்பதைக் கண்டு, மனிதனின் குணத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்துமே என்று யோசிக்கிறார். ஆனால் அதை யோசிப்பதற்கு முன்னால் கயிற்றை இறக்கியிருக்கிறார், வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறார். தத்துவத்துக்காக அடியற்ற குளம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள அவருக்குத் தேவை எழவில்லை. கடந்தநிலைவாதிகளின் எழுத்தில் இன்றைக்கும் தாக்குப்பிடித்து நிற்பது இந்தப் பகுதி என்பது என் கணிப்பு.

கேள்வி: எங்கள் பகுதியில் உள்ள ஐஸ் ஹவுஸுக்கு வால்டன் குளத்துப் பனிக்கட்டி வந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா? தோரோ பகவத் கீதை படித்தவர் என்பதும் உண்மையா?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: பின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். சார்லஸ் வில்கின்ஸ் 1785இல் வெளியிட்ட கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தோரோவும் படித்தார், எமர்சனும் படித்தார். மனு நூலின் பகுதிகள் அவர்களுடைய 'டயல்' இதழில் 1843இல் வெளிவந்தன. ஆனாலும் அவர்களை வேதாந்திகள் என்று உரிமை கொண்டாடுவதில் அவசரம் வேண்டாம். தங்கள் உள்ளுணர்வு ஏற்கெனவே சொன்னதற்குச் சாட்சி தேடித்தான் அவர்கள் கீதையிடம் போனார்கள்.

ஐஸ் ஹவுஸ், பாஸ்டன் பனிக்கட்டி வணிகரான ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம் 1842இல் கட்டிய கிடங்கு. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் நூறு தொழிலாளர்கள் இறங்கிப் பனிக்கட்டி அறுத்ததைத் தோரோ தம் குடிலிலிருந்து பார்த்து எழுதினார். மதராஸ், பம்பாய், கல்கத்தாவில் வெயிலில் வாடும் மக்கள் தம் கிணற்றில் நீர் அருந்துவதாகவும், வால்டன் நீர் கங்கையோடு கலப்பதாகவும் அவர் சொல்லும் இடம் புகழ்பெற்றது. பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே அத்தியாயத்தில், அந்தக் குளிர்காலத்தில் அறுத்து அடுக்கியது சுமார் பத்தாயிரம் டன் என்றும், வைக்கோலும் பலகையும் போட்டு மூடியிருந்த அந்தக் குவியலில் ஒரு பகுதியை மட்டும் அடுத்த ஜூலையில் எடுத்துச் சென்றார்கள் என்றும், மீதி வெயிலில் கிடந்து 1848 செப்டம்பரில்தான் முழுவதும் உருகியது என்றும், ஆக குளம் தன் சொத்தில் பெரும்பங்கை மீட்டுக்கொண்டது என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே உங்கள் ஊர்க் கட்டடத்துக்கும் அந்த வணிகத்துக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. 'என் கிணற்று நீர்' என்பது தோரோவின் கற்பனை விரிந்த இடம்.

கேள்வி: இயற்கை எப்போதும் மனிதனுக்கு இதமளிக்கும் என்று இவர்கள் நம்பினார்களா? புயலும் பஞ்சமும் கண்ணில் படவில்லையா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: எமர்சனிடம் இந்தக் குறை ஓரளவு உண்டு. தோரோவுக்கு அது கலைந்த இடம், மெய்ன் மாநிலத்தில் உள்ள கட்டாடின் மலை. வால்டனில் வசித்த காலத்திலேயே, 1846 செப்டம்பரில், அங்கே போனார். மேகமும் காற்றும் பாறைக் குவியலுமாக இருந்த உச்சிப்பகுதி மனிதனுக்காகப் படைக்கப்பட்டதாக அவருக்குத் தெரியவில்லை. இறங்கும் வழியில், யாரும் உழாத எரிந்த நிலப்பரப்பில் நின்றபோது, தன்னைத் தாங்கியிருக்கும் இந்த உடலே தனக்கு அந்நியமாக இருப்பதாகவும், ஆவிகளுக்கு அஞ்சாத தனக்கு உடல்களைக் கண்டு நடுக்கம் எடுப்பதாகவும் எழுதுகிறார். நாம் யார், எங்கே இருக்கிறோம் என்று கேட்கிறார். தன் உடலும் இயற்கையின் பக்கமே என்று எமர்சன் அமைதியாக வரையறுத்துவிட்டுப் போன விஷயம்தான் இது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு சீடருக்கு அது மலைச்சரிவில் திகிலாக வந்து சேர்ந்தது.

கேள்வி: அடிமைகள் விற்கப்பட்ட நாட்டில் உட்கார்ந்துகொண்டு தனிமனிதன், இயற்கை என்று பேசியது தப்பித்தல் ஆகாதா?
– ஆய்வு மாணவர், புதுச்சேரி

பதில்: சிலரிடம் ஆகும், எல்லாரிடமும் ஆகாது. செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களை அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றுவதைக் கண்டித்து 1838இல் குடியரசுத் தலைவர் வான் பியூரனுக்கு எமர்சன் கடிதம் எழுதினார். அடிமை முறைக்கும் மெக்சிகோ போருக்கும் துணைபோகும் அரசுக்குத் தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி) கட்ட மறுத்த தோரோ, 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தார். அதையொட்டி அவர் எழுதிய கட்டுரையின் பகுதிகளைக் காந்தி 1907இல் தென்னாப்பிரிக்காவில் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் வெளியிட்டார். 'டயல்' இதழின் முதல் ஆசிரியரான மார்கரெட் ஃபுல்லர், தனிமனிதன் என்ற பேச்சில் பெண்ணுக்கு என்ன இடம் என்று கேட்டு 1845இல் ஒரு நூலே எழுதினார். 'வால்டன்' நூலிலும், தமக்கு முன்னால் அந்தக் காட்டில் குடியிருந்த முன்னாள் அடிமைகளான கேட்டோ, சில்ஃபா, பிரிஸ்டர் ஃபிரீமன் ஆகியோரின் இடிந்த வீட்டுக்குழிகளைத் தோரோ பெயர் சொல்லிக் காட்டுகிறார். நூலைத் தியானப் புத்தகமாகப் படிப்பவர்கள் இந்தப் பக்கங்களை விரைவாகப் புரட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: படிப்பதானால் எதில் தொடங்கலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: எமர்சனின் 'இயற்கை'யில் தொடங்காதீர்கள்; இரண்டாம் அத்தியாயத்துக்குள் அலுத்துவிடும். 'வால்டன்' நூலில் குளிர்காலக் குளத்தைப் பற்றிய அத்தியாயத்தையும், அதற்கு அடுத்து வரும் வசந்த கால அத்தியாயத்தையும் முதலில் படித்துவிட்டு முன்பக்கம் திரும்புங்கள். செலவுக் கணக்கு நிறைந்த நீண்ட முதல் அத்தியாயம் அதற்குப் பிறகு சுவையாக இருக்கும். நாட்குறிப்புகளும் கிடைக்கின்றன. 1850களில் கான்கார்டில் எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று தோரோ ஆண்டுதோறும் குறித்துவைத்த பட்டியல்களைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டில் எடுத்து, அதே ஊரின் இன்றைய பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பூக்கள் இப்போது சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே மலர்கின்றன.