மானேஜர் மேல் வந்த கோபம் மகன் மேல் ஏன் பாய்கிறது?

கேள்வி: எனக்கு வயது 36, ஊர் கம்பம். கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. மானேஜர் குரலை உயர்த்தினால் எனக்குப் பேச்சே வராது, தப்பு அவர் பக்கம் இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மகனிடம் கத்துகிறேன், போன மாதம் அடிக்கக் கையும் ஓங்கிவிட்டேன். "அப்படியே உங்க அப்பாதான்" என்கிறாள் மனைவி. அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்தவன் நான், அவரைப் போல ஆகவே கூடாது என்றிருந்தேன். எல்லாம் ஆழ்மனம் செய்யும் வேலை என்கிறார்கள். மூன்று நாளில் ஆழ்மனதை மாற்றித் தருகிறோம் என்று ஒரு பயிற்சி வகுப்பு, பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மூன்று நாளில் மாற்றிவிடக்கூடிய விஷயமாக இருந்திருந்தால், அப்பாவைப் போல ஆகமாட்டேன் என்ற உங்கள் வைராக்கியமே அதை எப்போதோ மாற்றியிருக்கும்.

உங்கள் மனைவி சொன்னதிலிருந்து ஆரம்பிக்கலாம், அதில் நிறைய உண்மை இருக்கிறது. மேலே இருப்பவரிடம் காட்ட முடியாத கோபத்தைத் திருப்பி அடிக்க முடியாத ஆளிடம் காட்டுவது, மனம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் பழைய வேலை. உளப்பகுப்பாய்வு என்ற, பேச்சின் வழியே மறைந்திருக்கும் மனதைப் புரிந்துகொள்ளும் முறையைத் தொடங்கிய சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்டு 1936இல் வெளியிட்ட புத்தகத்தில் இப்படிப்பட்ட தற்காப்புகளை வரிசையாக விளக்குகிறார். அதில் உங்களுக்கு மிகவும் பொருந்துவது ஒன்று உண்டு: பயமுறுத்தப்படும் குழந்தை அந்தப் பயத்தைத் தாங்க முடியாமல் பயமுறுத்துபவராகவே தன்னை மாற்றிக்கொள்வது. அவருடைய குரல், அவருடைய கை, அவருடைய முறைப்பு எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அந்தக் குழந்தைக்கே தெரியாது. தோட்டத்தில் மானேஜர் முன்னால் பேச்சு வராமல் நிற்பது அடி வாங்கிய அந்தப் பையன் என்றும், வீட்டில் கத்துவது அந்தப் பையன் உள்வாங்கிக்கொண்ட அப்பா என்றும் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்று நினைத்திருப்பீர்கள், எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. கடிதத்தை மட்டும் படித்துச் சொல்வதால் இதை ஓர் ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்து பேசும்போது வேறு ஏதாவது வெளிவரலாம்.

நீங்கள் ஆழ்மனம் என்பதை, உளவியலில் நனவிலி மனம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அது உள்ளே ஒளிந்திருக்கும் சக்தி இல்லை, பேயும் இல்லை. நமக்குத் தெரியாமலே திரும்பத் திரும்ப நடந்துகொள்ளும் விதம், அவ்வளவுதான். சிக்மண்ட் ஃப்ராய்டு சொன்னதெல்லாம் இன்று நிற்கவில்லை, குழந்தையின் வளர்ச்சியைப் பாலுணர்வுப் படிகளாகப் பிரித்ததற்கு ஆதாரம் பலவீனம். ஆனால் மனதின் வேலையில் பெரும்பகுதி நம் கவனத்துக்கு வராமல் நடக்கிறது, சின்ன வயதில் பழகிய உறவின் சாயல் பின்னால் வரும் உறவுகளில் விழுகிறது என்ற இரண்டும் நிற்கின்றன. வெளிநாட்டுச் சமாச்சாரம், நமக்கு ஒத்துவருமா என்றும் தயங்க வேண்டாம், கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியதே 1922இல்.

இந்த உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சை என்றால் வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரப் பேச்சு. சுருக்கமான வகை சில மாதங்களில் முடியும், ஹிப்னாடிசம் எதுவும் கிடையாது. சில வாரம் போனதும் அந்த சைக்காலஜிஸ்ட் மேலேயே உங்களுக்குக் கோபம் வரலாம், இல்லையென்றால் அவர் முன்னாலும் பேச்சு வராமல் போகலாம். அப்போது நின்றுவிடாதீர்கள், அதை அவரிடமே சொல்லுங்கள். அப்பாவிடமும் மானேஜரிடமும் நடந்தது அந்த அறையிலேயே நடக்கிறது என்று அர்த்தம், இந்தச் சிகிச்சையில் பெரிய வேலையே அதை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதுதான். பக்கத்தில் இந்த முறை தெரிந்தவர் கிடைக்காமல் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) செய்பவர்தான் கிடைக்கிறார் என்றால் தாராளமாகப் போங்கள், கோபத்துக்கு அதுவும் நன்றாக உதவும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுக்கு அது கட்டாயம். அப்புறம் மொழி. உங்கள் பக்கத்தில் குமுளியிலோ கட்டப்பனையிலோ பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும், தோட்டத்தில் மலையாளம் பேசிப் பழகியும் இருப்பீர்கள். ஆனாலும் தமிழில் பேசுபவரையே தேடுங்கள். அப்பா உங்களைத் திட்டியது தமிழில், அந்த வலி மலையாளத்தில் பாதிதான் வெளியே வரும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். தூக்கம் கெட்டிருந்தாலோ, குடிப்பழக்கம் இருந்தாலோ முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவசரமாகப் பேச வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, எந்நேரமும் கூப்பிடலாம்.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும், மகன் அதுவரை காத்திருக்க முடியாது. காரணம் புரிந்துவிட்டது என்பதற்காகக் கை ஓங்குவது சரியாகிவிடாது. ஜீப்பை விட்டு இறங்கியதும் நேரே வீட்டுக்குள் போகாமல் ஒரு டீ குடித்துவிட்டு, இன்று மேலே யார் என்ன சொன்னார், அப்போது வாயில் வராமல் நின்ற பதில் என்ன என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள். மீறிக் கத்திவிட்டால் அன்றைக்கே மகனைக் கூப்பிட்டு "அப்பா வேற கோபத்தை உன்மேல காட்டிட்டேன், தப்பு உன்னுது இல்ல" என்று சொல்லுங்கள். யாரும் சொல்லாவிட்டால் குழந்தைகள் தப்பு தங்களுடையது என்றே எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.