கியூப ரும்பா படக்காட்சிகளில் எந்த முரசைக் கவனிக்க வேண்டும்?

மூன்று முரசுகள் ஒருங்கே ஒலிக்கும் ரும்பா படக்காட்சிகளில் எது ஆட்டத்தை நடத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கியூபாவின் ஹவானாவிலும் மத்தான்சாஸிலும் கறுப்பின உழைக்கும் மக்களிடையே வளர்ந்த, பாட்டும் முரசும் ஆட்டமும் கலந்த இக்கலையில், கிளாவே எனப்படும் இரு மரக்கட்டைகள் காலக்கணக்கைக் காக்க, தாழ்ந்த சுருதியுடைய இரு முரசுகள் அடிப்படை நடையைத் தாங்கிப்பிடிக்க, உச்ச சுருதியுடைய கின்தோ என்னும் முரசு மட்டுமே ஆடுபவருடன் நேருக்கு நேர் உரையாடுகிறது.

குவாகுவாங்கோ என்னும் இணையாட்டத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். பெண்ணைச் சுற்றிவரும் ஆண், எதிர்பாராத நொடியில் இடுப்பையோ காலையோ கைக்குட்டையையோ அவளை நோக்கி வீசுவான். அவளோ பாவாடை நுனியால் மறைத்து நழுவிவிடுவாள். பல வேளைகளில் அதே நொடியில் கின்தோவின் அடி ஓங்கி விழும். மரபாக ஆண்கள் தனித்து ஆடும் கொலம்பியா என்னும் ரும்பா வகையில் இவ்வுரையாடல் ஏறத்தாழப் போட்டியாகவே மாறிவிடுகிறது.

பாட்டோ சொல்லற்ற இழுப்பில் தொடங்கி, தனிப்பாடகரின் வரிகளைக் கடந்து, குழுவினர் பதில் பாடத் தொடங்கியபின்தான் பெரும்பாலும் ஆட்டத்திற்கு வழிவிடும். ஆகவே முன்பகுதியை வெட்டிய துணுக்குகளையும், முகங்களை மட்டும் நெருக்கத்தில் காட்டும் படங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆடுபவரின் காலும் கின்தோ வாசிப்பவரின் கையும் ஒரே சட்டகத்தில் தெரியும் பதிவையே தேடுங்கள்.