வீட்டிலேயே பழைய காரைப் பழுது பார்க்கப் போய் நீங்கள் சொதப்பியது உண்டா? அதில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?

சொதப்பியதுதான் அதிகம். அப்பா வைத்துவிட்டுப் போன 1972 அம்பாசடர் மார்க் 2. 2021-இல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, 50 வயது தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால்தான் அது விண்டேஜ் வண்டி. வயதில் எங்கள் வண்டி பாஸ். உருவத்தை மாற்ற என்னால் ஆனதைச் செய்துவிட்டேன்.

கோளாறு இதுதான். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிடம் ஓடியதும் திணறி நிற்கும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரில் அடைப்பு என்று நானே முடிவு கட்டினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை கழற்றிக் கழுவி மாட்டினேன். பெட்ரோல் பம்ப் கிட்டையும் மாற்றினேன். வண்டி அதே பத்தாவது நிமிடத்தில் நின்றது.

கழற்றும்போதே ஒரு கூத்து. அந்தக் கால அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் வழி வந்தது, நட்டெல்லாம் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் நட் என்றால் 12.7 மி.மீ. என்னிடம் இருந்தது 13 மி.மீ. ஸ்பேனர். 0.3 மி.மீ.தானே, பிடித்துக்கொள்ளும் என்று அழுத்தினேன். துருப்பிடித்த நட், ஸ்பேனர் வழுக்கி ஆறு முனையும் மழுங்கிவிட்டது. கடைசியில் உளி வைத்துத் தட்டித்தான் எடுத்தேன். அப்பாவின் சாக்குப்பையில் 1/2, 9/16 என்று எண் பொறித்த ரிங் ஸ்பேனர்கள் பளபளவென்று கிடந்தன. பழைய இரும்பு என்று நான்தான் ஓரம் கட்டியிருந்தேன்.

அப்புறம் இன்ஜினுக்குள் பொறி தரும் பிளக்கைத் துடைக்கலாம் என்று, அதற்குக் கரண்ட் கொண்டுவரும் நான்கு வயரையும் ஒரே நேரத்தில் பிடுங்கினேன். அடையாளம் எதுவும் போடவில்லை. ஃபயரிங் ஆர்டர், அதாவது நான்கு சிலிண்டருக்கும் பொறி போகும் வரிசை, 1-3-4-2 என்று தெரியும், அந்த வரிசையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கடிகாரம் சுற்றுகிற திசையில் மாட்டினேன். இந்த இன்ஜினில் மூடிக்குள் சுற்றி வயர்களுக்குக் கரண்டைப் பங்கிடும் ரோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் என்பது தெரியாது. ஒன்றும் நான்கும் தற்செயலாகச் சரியான இடத்தில் அமைந்துவிட்டன, இரண்டும் மூன்றும் இடம் மாறிவிட்டன. சாவியைத் திருகியதும் சைலன்சரில் வெடித்த சத்தத்துக்கு எதிர்வீட்டுப் பாட்டி வாசலுக்கே வந்துவிட்டார்.

மானத்தை விட்டுப் புதுப்பேட்டையில் ஒரு பழைய மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். வயர்களைச் சரியாக மாட்டி, வண்டியை ஓடவிட்டு, அது நிற்கும்வரை பேசாமல் பீடி குடித்துக்கொண்டிருந்தார். நின்றதும் எழுந்து, "கரண்ட் பார்த்தீங்களா தம்பி?" என்றார். பார்க்கவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் படுக்கவைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீலமாகப் பாய வேண்டிய பொறி மஞ்சளாகச் சோம்பி வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்சான பாயின்ட் கருகியிருந்தது. கண்டன்சர் போய்விட்டது. கட்டைவிரல் அளவு உருளை. பாயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் கரண்டைத் தாங்கிக்கொள்வது அதன் வேலை. உள்ளே இன்சுலேஷன் கெட்டால் குளிரில் வேலை செய்யும், சூடேறினால் கைவிடும். பத்து நிமிடக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் பக்கம் நான் போயிருக்கவே வேண்டாம். இப்போது வண்டி நின்றால், சூடு ஆறுவதற்குள் முதலில் பொறியைத்தான் பார்க்கிறேன். வயருக்கெல்லாம் நெயில் பாலிஷில் புள்ளி வைத்தாயிற்று. ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் கழற்றுவேன், இல்லாவிட்டால் எது கெடுத்தது, எது சரிசெய்தது என்றே தெரியாது.

இதெல்லாம் காசு நஷ்டம், சரி. பயப்பட வைத்தது பிரேக். பிரேக் கட்டையைத் தள்ளும் பின்சக்கர வீல் சிலிண்டரில் ஆயில் கசிந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் பார்க்க நன்றாக இருந்ததால், புது கிட் வாங்காமல் அதையே பெட்ரோலில் ஊறப்போட்டுக் காலையில் எடுத்தேன். உள்ளே போக அடம்பிடித்தது. விரலால் அழுத்தித் திணித்தேன். தெருமுனை தாண்டியதும் கருகல் வாடை. பெடலை விட்டும் சக்கரம் விடவில்லை. டிரம்மைத் தொட்ட விரல் கொப்பளித்துவிட்டது. பெட்ரோல் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும், ஸ்பிரிட்டிலோ பிரேக் ஆயிலிலோதான் கழுவ வேண்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்து, புது கிட் வாங்கிவந்து, இரண்டு வாஷரையும் உள்ளங்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பழையது சுற்றிலும் அரை நூல் அளவு, கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ., வெளியே நின்றது.