தோள் பக்கம் போட்ட கம்பி வெளியே நீள்கிறது

அம்மாவின் மேற்கை எலும்பு முறிவுக்கு, எலும்பைப் பிடித்து நிறுத்தத் தோல் வழியாகப் போட்ட உலோகக் கம்பி மூன்றாம் வாரத்தில் வெளியே நீள்கிறது என்கிறீர்கள். கம்பியை உள்ளே தள்ளாதீர்கள், மேலே கட்டுப் போட்டு அழுத்தவும் வேண்டாம். நாளைக்குள் எக்ஸ்ரே எடுத்து, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். இந்த நேரத்தில் கம்பி இப்படி நீண்டால், பெரும்பாலும் எலும்பில் பிடி தளர்ந்திருக்கும். வயதானவர்களின் மென்மையான எலும்பில் இது சகஜம். திருகு போன்ற மரை இல்லாத வழவழப்பான கம்பி இன்னும் சுலபமாக நழுவும்.

அதுவரை தோலிலிருந்து நுனி வரை எவ்வளவு மில்லிமீட்டர் என்று தொடாமல் அளந்து, தேதியோடு குறியுங்கள். துளையைச் சுற்றிச் சிவப்பு, சீழ் உண்டா? காய்ச்சல்? இருந்தால் இன்றே போங்கள். கை ஸ்லிங்கிலேயே (கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் பட்டை) இருக்கட்டும்.

வழக்கமாக 4 முதல் 6 வாரத்தில்தான் கம்பியை எடுப்பார்கள். எலும்பு நகரவில்லை என்றால் தளர்ந்ததை மட்டும் முன்னதாகவே உருவிவிடலாம்.

கம்பி திடீரென்று குட்டையாகத் தெரிந்தால்தான் அதிக கவலை: அது உள்ளே நகர்ந்திருக்கலாம், அரிதாக நெஞ்சுக்கூடு வரைகூட. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவு.