வாசகர் கேள்வி – பதில்: நியூயார்க் மாரத்தானுக்குப் புறப்படும் முன்

வெளிநாட்டு மாரத்தான் பயணம் குறித்துக் கேள்விகளை அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி வடசென்னையிலிருந்து வந்தவை. அவற்றிலும் மிகுதியானவை நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் நியூயார்க் மாரத்தானைப் பற்றியவை. ஆகவே இந்த இதழை முழுவதும் அந்த ஓட்டத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்த ஒருவர், ஓடத் தொடங்குவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் குளிராலும் பசியாலும் அலைச்சலாலும் அந்த உழைப்பின் பலனை இழந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. பதில்கள் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

குலுக்கலில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரே சொல்லாக இருக்கிறது. தந்தை பெயர் சேரவில்லை. இதனால் சிக்கல் வருமா? விமான டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

வாழ்த்துகள். டிக்கெட்டை இப்போது எடுக்க வேண்டாம். முதலில் விசா, பிறகு திரும்பப் பணம் பெறக்கூடிய அறை முன்பதிவு, அதற்குப் பிறகே விமானம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்குச் சாதாரண வருகை விசா போதும். ஆனால் விண்ணப்பத்தை நிரப்பி, கைரேகை பதிவு செய்ய ஒரு நாளும், ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு மற்றொரு நாளும் பெற வேண்டும். அந்த நேர்காணல் தேதி பல மாதங்கள் தள்ளிக் கிடைப்பது வழக்கமாகிவிட்டது. மாரத்தானில் இடம் கிடைத்ததற்கான கடிதம் உங்கள் பயண நோக்கத்தை விளக்கும், ஆனால் விசாவுக்கு உத்தரவாதம் ஆகாது. எனவே இடம் உறுதியான அன்றே விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் நீங்கள் தனி ஆள் அல்ல. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் இது நேர்கிறது. ஒற்றைப் பெயருள்ளவர்களின் அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் ஏறிவிடும். இயற்பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து அச்சாகும். அது இயற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறியீடு என்பதால் பதற வேண்டியதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. உள்ளூர் ஓட்டங்களுக்குப் பதிவு செய்யும் பழக்கத்தில் தந்தை பெயரையோ வீட்டில் அழைக்கும் பெயரையோ சேர்த்து எழுதியிருந்தால், உடனே மாரத்தான் அமைப்பாளர்களுக்கு எழுதிப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்ட எண் அச்சிட்ட, சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையான பிப்பை நீங்கள்தான் நேரில் பெற வேண்டும், வேறொருவரை அனுப்ப முடியாது; அங்கே அடையாளமாகக் காட்டப்போவதும் பாஸ்போர்ட்டைத்தான். விமான டிக்கெட்டில் ஒற்றைப் பெயரை எப்படிப் பதிவது என்பதை அந்தந்த விமான நிறுவனத்திடம் கேட்டு, அதன்படியே செய்யுங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் அமெரிக்காவில் ஓடுவதை நான் ஏற்கவே மாட்டேன். ஆவணத்தை வாங்கும்போது, விளையாட்டுப் போட்டியில் பங்கேற்கும்போது ஏற்படும் காயத்துக்கும் அது பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

எத்தனை நாள் முன்னதாகப் போய் இறங்க வேண்டும்? பத்து மணி நேர வித்தியாசத்தை உடல் தாங்குமா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

புதன்கிழமைக்குள் அங்கே இருங்கள். விடுப்பு கிடைத்தால் செவ்வாய்க்கிழமை இன்னும் நல்லது. நியூயார்க்கில் காலை பத்தரை மணிக்கு நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்ணாரப்பேட்டையில் இரவு ஒன்பது மணி. வெள்ளிக்கிழமை போய் இறங்குபவரின் உடல் அந்த நேரத்தில் தூக்கத்தைத்தான் கேட்கும். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ மாற வேண்டும். இடைவேளை மூன்று மணி நேரமாவது இருக்கும்படி பாருங்கள். ஓடும் காலணியையும் ஓட்ட உடையையும் கைப்பையிலேயே வையுங்கள், ஏனெனில் பெட்டி தவறினால் மற்ற எல்லாவற்றையும் அங்கே வாங்கிவிடலாம், பழகிய காலணியை வாங்க முடியாது. ஓடும்போது சக்திக்காக உட்கொள்ளும் ஜெல்கள் திரவக் கணக்கில் வருவதால் அவற்றைப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கு முதல் சில நாட்கள் அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். இதை எண்ணி வருந்த வேண்டாம். ஓட்டத்தன்று நீங்கள் எழ வேண்டிய நேரம் ஏறக்குறைய அதுவே. மாலையில் அறைக்குள் அடைந்து கிடக்காமல் வெளிச்சத்தில் நடந்து, இரவு எட்டு மணி வரையாவது விழித்திருந்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் கோடைக்கால நேரம் முடிவடைவது நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு, அதாவது மாரத்தானுக்கு முந்தைய இரவில். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். கைப்பேசி தானாக மாற்றிக்கொள்ளும். அறையிலுள்ள மேசைக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். சனிக்கிழமை வரை ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் ஞாயிறன்று பத்தரை மணி நேரமாகிவிடுவதால், செயலியில் உங்களைப் பின்தொடரப்போகும் வீட்டாருக்கும் அதைச் சொல்லி வையுங்கள்.

பிப் வழங்கும் கண்காட்சி ஜாவிட்ஸ் மையத்தில் நடக்கும். ஓட்டத்தன்று பிப் கொடுக்க மாட்டார்கள். வியாழனோ வெள்ளியோ போய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் மணிக்கணக்கில் நின்றால் கால்கள் அதை மறுநாள் காட்டும்.

ஓட்டத்தன்று காலையில் படகில் போக வேண்டும் என்கிறார்கள். அது என்ன ஏற்பாடு? எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்? குளிருக்கு என்ன செய்வது?
– வாசகர், ராயபுரம்

கடிதங்களிலேயே முக்கியமான கேள்வி இது என்று நினைக்கிறேன். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1970-இல் இந்த ஓட்டம் சென்ட்ரல் பார்க் பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தது. 1976-இல்தான் நகரின் ஐந்து பகுதிகளையும் தொட்டுச் செல்லும் பாதை வந்தது. அதன்படி ஓட்டம் தொடங்குவது ஸ்டேட்டன் தீவில், வெரசானோ பாலத்தின் அடிவாரத்தில், முடிவது மன்ஹாட்டனில். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே காலையில் ஒரு தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருப்பதால், ஒவ்வொருவருக்கும் பேருந்துக்கோ படகுக்கோ நேரம் ஒதுக்குகிறார்கள். மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் நூலகத்தருகே பேருந்துகள் புறப்படும். தெற்கு முனையிலுள்ள வைட்ஹால் முனையத்திலிருந்து படகு புறப்படும். நான் படகையே பரிந்துரைப்பேன். பயணம் சுமார் 25 நிமிடம்தான், உள்ளே கழிப்பறை உண்டு, முனையத்துக்குச் சப்வே ரயிலில் எளிதாகப் போய்விடலாம். ஆனால் படகோடு பயணம் முடிந்துவிடுவதில்லை. இறங்கிய இடத்தில் மறுபடி வரிசையில் நின்று பேருந்தில் ஏறி, பாதுகாப்புச் சோதனையைக் கடந்தால்தான் ஓட்டக்காரர்கள் கூடும் திடலுக்குள் நுழைய முடியும். அறையிலிருந்து திடல் வரை இரண்டரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். ஓட்டக்காரர்களைப் பல வேவ்களாக, அதாவது அடுத்தடுத்துப் புறப்படும் கூட்டங்களாகப் பிரித்து அனுப்புகிறார்கள். முதல் வேவ் ஒன்பது மணியை ஒட்டியும் கடைசி வேவ் பதினொன்றரையை ஒட்டியும் புறப்படும். ஓட்டக்காரர்கள் புறப்படக் காத்து நிற்கும் தொடக்க அடைப்புகளை அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். உங்கள் வேவ் பத்தரைக்கு என்றால் ஏழு மணிப் படகு, ஆறு மணிக்கு அறையை விட்டு இறங்குதல் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள்.

அப்படிப் போய்ச் சேர்ந்தவர் அங்கே ஒன்றிரண்டு மணி நேரமாவது திறந்தவெளியில் காத்திருக்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் காலை வெப்பம் ஐந்து முதல் பத்து டிகிரி. கடற்காற்றும் சேர்ந்தால் அதற்கும் குறைவாகத் தோன்றும். மார்கழிப் பனிக்கே மப்ளர் தேடும் நமக்கு இது பழக்கமில்லாத குளிர். ஓடுவதற்கு அது நல்ல வெப்பநிலைதான், காத்திருப்பதற்குத்தான் கொடுமை. ஆகவே தூக்கி எறிந்துவிட்டுப் போகக்கூடிய உடைகளை இங்கிருந்தே கொண்டு போங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மலிவான முழுக்கால் சட்டையும் தொப்பி வைத்த ஸ்வெட்டரும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் பழையது இருந்தால் அதுவே போதும். தொடக்கத்தில் விடப்படும் உடைகளைச் சேகரித்து அறப்பணிக்குக் கொடுத்துவிடுகிறார்கள், ஆதலால் மனக்குறை வேண்டாம். உட்காரத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று, மழை வந்தால் தலைவழியே மாட்டிக்கொள்ளப் பெரிய குப்பைப் பை ஒன்று. புல் ஈரமாக இருக்கும் என்பதால், திடல் வரை பழைய செருப்போ காலணியோ அணிந்துபோய், பந்தயக் காலணியையும் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருந்து, அடைப்புக்குள் போகும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். ஈரக் காலுறையோடு 42 கிலோமீட்டர் ஓடினால் கொப்புளம் வரும். பொருள்களைக் கண்காட்சியில் தரும் ஒளிபுகும் பையில்தான் கொண்டுபோக முடியும். முதுகில் மாட்டும் நீர்ப்பைக்கு அனுமதி இல்லை.

உணவையும் இரண்டாகப் பிரியுங்கள். எழுந்ததும் ஒரு வாழைப்பழமும் காப்பியும். திடலில், உங்கள் வேவுக்கு இரண்டு மணி நேரம் முன்பு, பழகிய முழு உணவு. அறையில் அதிகாலை நான்கு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்கு ஓடத் தொடங்கினால் பாதி வழியில் உடல் காலியாகிவிடும். கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும். தேவை வரும்வரை காத்திராமல், போய்ச் சேர்ந்ததும் ஒருமுறையும் அடைப்புக்குப் போகும் முன் ஒருமுறையும் நின்றுவிடுங்கள்.

பாதையில் ஒவ்வொரு மைலுக்கும் பலகை வைத்திருப்பார்கள், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இருக்காது. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று ஓடுபவர், மைலுக்கு 11 நிமிடம் 16 விநாடி என்று மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

அங்கே சாப்பாட்டுக்கு என்ன வழி? அரிசி, குக்கர் எடுத்துப் போகலாமா?
– வாசகி, வியாசர்பாடி

வேண்டாம். தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டு பரவும் நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை, அந்தப் பட்டியலில் இந்தியா உண்டு. பழம், காய்கறி, இறைச்சியும் கூடாது. உறையிட்ட கடலை மிட்டாய் போன்றவற்றைச் சுங்க அதிகாரிகளிடம் மறைக்காமல் தெரிவியுங்கள். நம் ஊர்க் குக்கரும் கெட்டிலும் 230 வோல்ட்டுக்கானவை. அங்கே 120 வோல்ட். மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவில், இருபதுகளில் எண்ணிட்ட தெருக்களை ஒட்டி, இட்லியும் சோறும் கிடைக்கும். சனிக்கிழமை மதியத்துக்கு அது போதும். இரவில் காரம் தவிர்த்து, சீக்கிரம் உண்ணுங்கள். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் உணவகத்துக்கு எல்லாரும் போக ஆசைப்படுகிறார்கள், நியாயமான ஆசைதான். ஆனால் அது தொலைவு, திங்கட்கிழமை போங்கள்.

என் கணவர் ஓடுகிறார். நானும் பத்து வயது மகளும் உடன் போகிறோம். அவரை வழியில் எங்கே பார்க்கலாம்? முடிந்த பிறகு எப்படிச் சந்திப்பது?
– வாசகி, திருவொற்றியூர்

மூன்று இடங்களில் பார்க்கலாம். முதலில் புரூக்ளினில் அட்லான்டிக் அவென்யூ நிலையத்தருகே, எட்டாவது மைலில். அவர் கடந்ததும் அங்கேயே கியூ ரயில் ஏறி 96-ஆம் தெரு நிலையத்தில் இறங்கி, ஒரு தெரு கிழக்கே நடந்தால் முதலாம் அவென்யூ. அது பதினெட்டாவது மைலை ஒட்டிய இடம். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் ஓடுபவருக்கு இந்த இரண்டுக்கும் இடையே ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், நீங்கள் அவசரப்பட வேண்டாம். வார இறுதியில் ரயில் தடங்கள் மாறுவதுண்டு என்பதால் முந்தைய இரவே சரிபாருங்கள். அங்கே பார்த்த பின் மேற்கே ஒன்றரை கிலோமீட்டருக்குள் நடந்தால் ஐந்தாம் அவென்யூ. அவர் பிராங்க்ஸ் வரை போய்த் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். ஐந்தாம் அவென்யூவின் ஏற்றத்தில்தான் பலரும் சோர்ந்து நடக்கத் தொடங்குவார்கள். மகளின் குரல் அங்கே கேட்பது பெரும் துணை. சாலையின் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதை மட்டும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிடுவீர்கள்.

சென்ட்ரல் பார்க் பூங்காவிலுள்ள முடிவுக் கோட்டருகே சாதாரணப் பார்வையாளர்கள் போக முடியாது. பூங்காவைக் குறுக்கே கடக்கவும் முயலாதீர்கள். பூங்காவின் மேற்குப் பக்கத் தெருவில் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி சந்திக்கும் இடங்களைக் குறித்திருப்பார்கள். நம்மில் கணவருக்கு ஓர் எழுத்து, மனைவிக்கு வேறோர் எழுத்து என்று இருக்கும். இருவரும் ஒரே எழுத்தை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அந்தக் கூட்டத்தில் கைப்பேசி இணைப்புக் கிடைக்காமல் போகலாம். ஓட்டம் முடித்தவர் பூங்காவை விட்டு வெளியே வரவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் தாமதத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவருக்கு உலர்ந்த சட்டையும் ஸ்வெட்டரும் செருப்பும் உங்கள் பையில் இருக்கட்டும்.

எண்ணூர் விரைவுச் சாலை சமதளம். பாலங்களுக்கு எப்படிப் பழகுவது?
– வாசகர், எண்ணூர்

அந்தச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடாதீர்கள். வாரம் ஒருமுறை, போக்குவரத்து தொடங்கும் முன், பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பழகலாம். இறக்கத்தில் வேகத்தை அடக்கக் கற்றுக்கொள்வதே முக்கியம், ஏனெனில் வெரசானோவில் முதல் மைல் முழுவதும் ஏற்றம், அடுத்தது முழுவதும் இறக்கம். அந்த இறக்கத்தில் கட்டுப்பாடின்றி ஓடியவர்களின் தொடை, பதினைந்தாவது மைலில் வரும் குவீன்ஸ்பரோ பாலத்தில் கடுத்துவிடும். நீண்ட ஓட்டங்களைச் செப்டம்பருக்குள் கூடியவரை முடித்துவிடுங்கள். அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், தேங்கிய நீரில் காலை மடக்கிக்கொள்ளும் ஆபத்துதான் மிஞ்சும்.

ஞாயிறு இரவே திரும்பும் விமானம் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?
– வாசகர், கொளத்தூர்

எடுக்காதீர்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உடலில் நீர் குறைந்திருக்கும்போது இருபது மணி நேரம் அமர்ந்திருப்பது காலில் இரத்தக்கட்டுக்கு வழி செய்யலாம். செவ்வாய்க்கிழமை புறப்படுங்கள், நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கி, மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமோ வலியோ தெரிந்தால், ஊர் வந்து சேரும்வரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.